தரகர் யாருடைய ஆள்?

என் அத்தைக்குப் பெரியபட்டினத்துக்கு மேற்கே 60 சென்ட் பனந்தோப்பு இருந்தது. சென்ட் 20,000 ரூபாய்க்கு மேல் போகாது என்று சொன்ன தரகர், ஒரு பார்ட்டியை அழைத்துவந்து, முன்பணம் கொடுக்கவைத்து, கிரய ஒப்பந்தமும் எழுதிவிட்டார். பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வேப்பமரத்தடியில் வந்து நின்றவரோ வேறொருவர். சென்ட்டுக்கு 31,000 பேசி முடித்திருந்தது, டீ குடிக்கும்போது அவர் வாயாலேயே வெளிவந்தது. ஒப்பந்தம் போட்டிருந்தவர் தரகரின் மைத்துனர். இது போதாதென்று இரு தரப்பிடமும் 2 சதவீதம் கமிஷன் வேறு.

தரகர் கமிஷன் வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் கடற்கரை ஊர்களில் தோப்புக்குப் பட்டா தாத்தா பெயரில் இருக்கும்; வாரிசுகளில் ஒருவர் துபாயிலும் இன்னொருவர் மலேசியாவிலும் இருப்பார்கள். அத்தனை பேரையும் தேடிப்பிடித்து, பவர் பத்திரம் வரவழைத்து, வில்லங்கம் போட்டுப் பார்த்து, சர்வேயரைக் கூட்டிவந்து கல் ஊன்றி முடிப்பதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். அந்த அலைச்சலுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். மறைத்துவைத்த விலை வித்தியாசத்தைக் கூலிக் கணக்கில் சேர்க்க முடியாது.

முகவர் தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அதே காரியத்தில் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தை அமர்த்தியவர் கேட்டு வாங்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 216 சொல்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "ஒரே ஊருக்குள்ள நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும்ப்பா" என்று முடித்துக்கொண்டார். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது என்றாலும், அது பதிவுக்குரிய மனைப்பிரிவு, அடுக்ககத் திட்டங்களில் விற்றுக்கொடுப்பவர்களுக்கே பொருந்தும். பாட்டன் சொத்தைக் கைமாற்றிவிடும் டீக்கடைத் தரகரைத் தொடாது.

வாங்குபவரும் ஏமாளிதான். தான் 2 சதவீதம் கொடுப்பதால் தரகர் தன் ஆள் என்று நம்பிவிடுகிறார். 'கடல் பார்த்த இடம்' என்று காட்டப்படும் நிலம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா, அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதையெல்லாம், விற்பவரிடமும் கைநீட்டியிருக்கும் ஒருவர் ஏன் வாய்திறந்து சொல்லப்போகிறார்?

அத்தைக்கு இன்னும் 25 சென்ட் மிச்சமிருக்கிறது. இம்முறை, நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள், யாரிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள், வாங்குபவர் உங்கள் உறவினரா என்ற மூன்று கேள்விகளை அரைப்பக்கத்தில் எழுதி, வேறொரு தரகரிடம் கையெழுத்துக் கேட்டேன். படித்துப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுல கேட்டுட்டு வர்றேன் தம்பி" என்று சட்டைப்பையில் மடித்துவைத்துக்கொண்டு போனவர், மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை.