கோழியில் கோழி ருசி

போன வாரம் திருப்பூர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு தம்பி கேட்டிருந்தார், அக்டோபரில் முதல்முறையாக சீனாவில் குவாங்சோவுக்கு, கான்டன் ஃபேர் என்கிற வர்த்தகக் கண்காட்சிக்குப் போகிறேன், சாப்பாட்டுக்கு என்னவெல்லாம் எடுத்துட்டுப் போகணும் என்று. பத்து நிமிஷத்தில் பதில் குவிந்துவிட்டது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய், எலக்ட்ரிக் குக்கர், எந்தச் சந்தில் எந்த இந்தியன் ரெஸ்டாரன்ட் என்று மேப் வேறு. ஒருவர் "அங்க எல்லாமே சப்புன்னு இருக்கும், நாக்கு செத்துடும்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார், அதற்குத்தான் லைக் அதிகம். அங்கே பதில் போட்டால் சண்டையாகும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தீர்ப்பு எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் முதல் மூன்று பயணங்களில் நானும் அதே ஆள்தான். பகலெல்லாம் ஜோங்தா துணிச் சந்தையில் பட்டன், ஜிப், லேஸ் என்று கால் வீங்க அலைந்துவிட்டு, ராத்திரி ஓட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பருப்புப் பொடிச் சோறு. "சாப்பாடுன்னா குவாங்சோ" என்று சீனாக்காரர்களே சொலவடை வைத்திருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு செய்த வேலை அது.

இன்னொன்று. சீனச் சாப்பாடு என்று ஒரே சாப்பாடு கிடையாது. உறைப்பு வேண்டுமென்றால் சிச்சுவான், ஹூனான் பக்கம் போங்கள், குண்டூர்க்காரரே மூக்கைத் துடைத்துக்கொள்வார். நான் சொல்வது கான்டனீஸ், அதாவது குவாங்சோவைச் சுற்றிய தெற்குப் பகுதி, ஹாங்காங், மக்காவ். கான்டன் என்பது குவாங்சோவின் பழைய பெயர்தான். இங்கே மிளகாய் கம்மி, மசாலா அதைவிடக் கம்மி. ஏன் என்று தெரியாமல் "சப்புன்னு இருக்கு" என்று சொல்வதுதான் எனக்கு ஆற்றாமை.

நான்காவது பயணத்தில், நான் பட்டன் வாங்கும் கம்பெனிக்காரரின் அப்பா, எழுபதைத் தாண்டியவர், காலை ஏழு மணிக்கு வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். மகன் மொழிபெயர்ப்புக்குக் கூட வந்தார். போன இடத்துக்குப் பெயர் சா லாவ். டீக்கடை என்று சொன்னால் உங்கள் மனசில் வேறு படம் வரும். மூன்று மாடி, கல்யாண மண்டபம் மாதிரி வட்ட மேஜைகள், அந்த நேரத்துக்கே இரைச்சல், முக்கால்வாசிப் பேர் தலை நரைத்தவர்கள், பேப்பர் படிக்கிறார்கள், பேரனுக்கு ஊட்டுகிறார்கள், சிலர் ஒரு தட்டை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் எழுந்திருங்கள் என்று சொல்வதில்லை. இதற்கு யம் சா என்று பெயர். அர்த்தம் டீ குடிப்பது, அவ்வளவுதான். டிம்சம், அதாவது கூடையிலும் தட்டிலும் வரும் சின்னச் சின்னப் பண்டங்கள், அதைச் சாப்பிடப் போகலாம் என்று அவர்கள் சொல்வதில்லை, டீ குடிக்கப் போகலாம் என்றுதான் சொல்வார்கள். டிம்சம் அந்த டீக்குத் தொட்டுக்க. பழைய ஆட்கள் "யாட் ஜுங் லோங் கின்" என்பார்கள், ஒரு குவளை டீ, இரண்டு பண்டம். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் கணக்கு.

உட்கார்ந்ததும் என்ன டீ என்று கேட்பார்கள். கறுப்பாக, மண் வாசனையோடு இருக்கும் போ லேய், தித் குன் யாம், செவ்வந்திப் பூ டீ, மல்லிகை வாசனை டீ. தெரியாவிட்டால் போ லேய் சொல்லுங்கள், எண்ணெய்ப் பண்டத்துக்கு அதுதான் தோது. டீக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் காசு பில்லில் வரும், அது ஏமாற்று இல்லை.

டீ வந்தது. பெரியவர் முதல் டீயை என் கிண்ணத்தில் ஊற்றினார். நான் பவ்வியமாக இரண்டு கையாலும் எடுத்துக் குடித்துவிட்டேன். மேஜையே ஒரு நொடி அமைதியாகிவிட்டது. அது கிண்ணம், கப், சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் அலசுவதற்கு ஊற்றியது, அலசி நடுவில் இருக்கும் பெரிய பாத்திரத்தில் கொட்ட வேண்டும். பாத்திரமெல்லாம் ஏற்கெனவே கழுவித்தான் வரும், ஆனாலும் அலசாமல் ஆரம்பிக்க மாட்டார்கள். நாம் ஓட்டலில் வாழை இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறோமே, அந்த மாதிரி பழக்கம். பெரியவர் சிரிக்காமல் எனக்கு மறுபடி ஊற்றினார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

அடுத்தவர் உங்களுக்கு டீ ஊற்றும்போது இரண்டு விரலை மடக்கி மேஜையில் மெல்லத் தட்ட வேண்டும், அதுதான் நன்றி. சியென்லுங் பேரரசர் மாறுவேஷத்தில் ஊர் சுற்றும்போது தன் ஆளுக்கே டீ ஊற்றினாராம், எழுந்து மண்டியிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று அந்த ஆள் விரலை மடக்கி மண்டியிட வைத்தாராம். கதைதான், ஆனால் நல்ல கதை. பேச்சை நிறுத்தாமலே நன்றி சொல்லிவிடலாம் என்பதுதான் அதில் உள்ள சௌகரியம். டீ தீர்ந்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டாம், கெட்டில் மூடியைச் சாய்த்துத் திறந்து வையுங்கள், வெந்நீர் வந்துவிடும். நம் கப்பை நிரப்பும் முன் மற்றவர்கள் கப்பை நிரப்ப வேண்டும். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டக்குத்தலாக மட்டும் குத்தி வைத்துவிடாதீர்கள், செத்தவர்களுக்கு ஊதுபத்தி வைப்பது அப்படித்தான்.

சரி, பண்டத்துக்கு வருவோம். மூங்கில் கூடையில் ஆவி பறக்க வருவதில் ஹா கௌ என்கிற இறால் கொழுக்கட்டைதான் ராஜா. பசைச் சத்தை எடுத்துவிட்ட கோதுமை மாவில் தோல், வெந்ததும் கண்ணாடி மாதிரி உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு தெரியும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது தோல் கிழியக் கூடாது, அடியில் ஒட்டக் கூடாது, கடித்தால் இறால் நறுக்கென்று இருக்கணும். ஒரு கடை உருப்படியான கடையா என்று உள்ளூர்க்காரர்கள் இதை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். அப்புறம் மேலே வாய் திறந்த கொழுக்கட்டை மாதிரி ஸியூ மாய், பன்றிக் கறி வைத்த பன்னான சா ஸியூ பாவ், முட்டை டார்ட். சியோங் ஃபன் என்று ஒன்று, அரிசியை ஊறவைத்து அரைத்து நீர்க்கக் கரைத்துத் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்துச் சுருட்டித் தருவது. அரிசி மாவு, ஆவி, காலை நேரம். இட்லி தின்று வளர்ந்த ஆளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எந்த வெளிநாட்டுச் சாப்பாடு வந்து நிற்கப் போகிறது?

கோழிக் கால் எனக்குப் பிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. பொரித்து, ஊறவைத்து, கறுப்பு பீன்ஸ் சாஸில் ஆவியில் வேகவைத்தது, பெயர் மட்டும் ஃபீனிக்ஸ் பாதம். கடல் அட்டை இன்றுவரை பிடிபடவில்லை. சுறாத் துடுப்பு சூப்பை யார் வைத்தாலும் தொட மாட்டேன், துடுப்பை வெட்டிவிட்டு மீனைக் கடலில் வீசுவதை எந்தப் பாரம்பரியத்தின் பெயராலும் ஒப்புக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை.

இப்போது கோழி. அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் விருந்து. கோழி இல்லாமல் அங்கே விருந்து கிடையாது. வந்தது பாக் சித் காய், வெள்ளையாக வேகவைத்து எலும்போடு வெட்டி அடுக்கிய கோழி. மசாலா இல்லை, நிறம் இல்லை. ஒரு துண்டை எடுத்தால் எலும்புக்குள்ளே சிவப்பு. வேகவே இல்லை என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன். பெரியவர் கவனித்துவிட்டார். மகன் மூலமாக அரை மணி நேரம் பாடம் நடந்தது. முழுக் கோழியைக் கொதிநீரில் இறக்கித் தூக்கி, இறக்கித் தூக்கி, பிறகு தண்ணீர் தளும்பாத அளவுக்குத் தீயைக் குறைத்து வைக்கிறார்கள், வெந்ததும் நேராக ஐஸ் தண்ணீரில். தோல் இறுகிவிடும், தோலுக்கும் கறிக்கும் நடுவில் மெல்லிய ஜெல்லி நிற்கும். கறி அப்போதுதான் வெந்திருக்கிறது, ஒரு நிமிஷம்கூட அதிகம் போகவில்லை என்பதற்கு அந்த மஜ்ஜைச் சிவப்புதான் அவர்களுக்குச் சாட்சி. தொட்டுக்க இஞ்சியும் வெங்காயத் தாளும் தட்டி உப்புப் போட்டு, சூடான எண்ணெய் ஊற்றியது. பெரியவர் ஒரு துண்டை மென்றுவிட்டுச் சொன்னார், "காய் யாவ் காய் மேய்." கோழியில் கோழி ருசி இருக்கிறது. அங்கே சமையல்காரருக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு இதுதானாம். மீனுக்கும் இதே வாக்கியம், மீனில் மீன் ருசி.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, கோழியில் வேறு என்ன ருசி இருக்கும் என்று. பிறகு யோசித்தால், நான் கடைசியாக எப்போது கோழியின் ருசியைச் சாப்பிட்டேன்? செட்டிநாடு ருசி தெரியும், பிச்சுப்போட்ட ருசி தெரியும், பள்ளிபாளையம் ருசி தெரியும். கோழி? பிராய்லரை வைத்து நாம் செய்யும் எதிலும் கோழி எந்தப் பண்ணையில் வளர்ந்தது, எத்தனை நாள் ஃப்ரிட்ஜில் கிடந்தது என்று நாக்குக்குத் தெரியாது, மிளகும் சோம்பும் எல்லாவற்றையும் மூடிவிடும். அவர்களுக்கு மூடி இல்லை. அதனால்தான் கோழிக்கு ஊர் பார்க்கிறார்கள், சிங்யுவான் கோழி என்றால் தனி விலை. மீனைத் தொட்டியில் நீந்தும்போதே காட்டி, சரி என்ற பிறகுதான் எடுப்பார்கள். அந்த மீனை முழுசாக ஆவியில் வைத்து, எட்டு பத்து நிமிஷத்தில் இறக்கி, மேலே இஞ்சி, வெங்காயத் தாள் தூவி, காய்ந்த எண்ணெயைச் சுரீரென்று ஊற்றி, கொஞ்சம் சோயா சாஸ். முடிந்தது. இரண்டு நிமிஷம் அதிகமானாலும் மேஜையில் பெரியவர்கள் முகம் சுருங்கும். அந்த மீன்மேல் நான் ஒரு தடவை சில்லி சாஸ் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தார்கள், ஆனால் சமையல்காரர் எட்டிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மிளகாய் ஏன் கம்மி என்பதற்கும் அவர்களிடம் பதில் உண்டு. மிளகாய், பொரித்தது, வறுத்தது எல்லாம் யித் ஹேய், அதாவது சூடு. நம்ம வீட்டுப் பாட்டி சொல்லும் அதே உடம்புச் சூடு. தொண்டை கட்டினால், முகத்தில் பரு வந்தால், என்ன தின்றாய் என்றுதான் முதல் கேள்வி. லிச்சிப் பழம் ஒன்று தின்றால் மூன்று நெருப்பு என்று பழமொழியே இருக்கிறது. நண்டு குளிர்ச்சி, அதனால் கூடவே இஞ்சி. சூட்டைத் தணிக்கத் தெருவுக்குத் தெரு லோங் சா கடை, மூலிகைக் கஷாயம், நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போகிறார்கள். "இருபத்துநாலு சுவை" என்று ஒன்று குடித்தேன், நிலவேம்புக்கு அண்ணன். அதேபோல வீட்டில் மூன்று மணி நேரம் கொதிக்கும் சூப், தாமரைக் கிழங்கு, எலும்பு, காய்ந்த சிவப்புச் சீன இலந்தை என்று பருவத்துக்குத் தக்கபடி மாறும். சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பார்கள்.

கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அங்கே அதற்கு ஜுக் என்று பெயர். ஆனால் ஹாங்காங் கடைகளின் ஆங்கில மெனுவில் பாருங்கள், கான்ஜி என்று இருக்கும். அது நம்ம கஞ்சிதான். தென்னிந்தியக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அரிசி மணியே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குழைய விடுவார்கள். குவாங்சோவில் படகுக் கஞ்சி கேளுங்கள், லிச்சி விரிகுடா என்னும் கால்வாய்ப் பக்கம் படகில் விற்றதால் அந்தப் பெயர், மீன் துண்டு, வேர்க்கடலை, மெல்லிய ஆம்லெட் கீற்று போட்டது. ஊறுகாய் மூட்டை கட்டிப் போகிறவர்கள் இந்தக் கஞ்சிக் கடையைத் தாண்டித்தான் இந்தியன் ரெஸ்டாரன்ட் தேடி நடக்கிறார்கள்.

விருந்துக்குக் கூப்பிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை. சோறு எங்கே என்று ஆரம்பத்தில் கேட்காதீர்கள். விருந்தில் ஃப்ரைட் ரைஸும் நூடுல்ஸும் கடைசியில்தான் வரும், வயிறு காலியாக யாரும் எழுந்துவிடக் கூடாது என்று. நான் இரண்டாவது அயிட்டத்திலேயே சோறு கேட்டேன், கறி போதவில்லை போல என்று நினைத்து வீட்டம்மா இன்னும் இரண்டு தட்டு செய்ய எழுந்துவிட்டார்.

சைவக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டம்தான். முள்ளங்கி கேக் என்று பெயர் இருக்கும், உள்ளே காய்ந்த இறால். கீரை என்பார்கள், மேலே சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ். பன்னில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். "ங்கோ ஸிக் ஜாய்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், நான் சைவம் என்று அர்த்தம். பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் 1, 15 தேதிகளில் சைவம் சாப்பிடுவதால் இந்தச் சொல் எல்லோருக்கும் புரியும். கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களைத் தேடிப் போங்கள். நீங்கள் பொடி எடுத்துப் போனால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு என் பதில் இதுதான். ஒரு நாள் காலை ஃபேரைக் கொஞ்சம் தாமதமாக ஆரம்பியுங்கள். தாவ் தாவ் ஜூ 1880-லிருந்து இருக்கிறது, லின் ஹியோங் லாவ் 1889-லிருந்து, இல்லாவிட்டால் பெரியவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் எந்த சா லாவும் சரி. தனியாகப் போகாதீர்கள், தட்டுகள் பங்குபோட்டுச் சாப்பிடுவதற்கென்றே வருகிறவை, ஒரு ஆள் போனால் இரண்டு கூடையில் வயிறு நிறைந்துவிடும். சப்ளையரிடம் யம் சா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவரே கூட்டிப்போவார். விலை பேச்சுகூட அந்த மேஜையில் கொஞ்சம் இளகுகிறது என்பது என் அனுபவம்.

திரும்பும்போது பெட்டியில் இடமிருந்தால் சன்பீ வாங்கி வாருங்கள், சின்ஹுய் ஊர் ஆரஞ்சுத் தோலை வருஷக்கணக்கில் காயவைத்தது, பழசாகப் பழசாக விலை ஏறும். பெரியவர் எனக்குப் பத்து வருஷத் தோல் கொஞ்சம் கொடுத்தார், வாத்து சூப்பில் போடச் சொல்லி. என் வீட்டில் அதை ரசத்தில் போட்டுவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.