மூணு தடவை காஞ்ச சந்தனம்

இதை எங்கயாவது கொட்டலன்னா எனக்கு இன்னைக்கும் தூக்கம் வராது. புதன்கிழமை நடந்தது, இன்னும் ஆறல.

பத்தரைக்கு போதை ஒழிப்பு ப்ரோக்ராம்னு சொல்லி எங்களை 9.15க்கே காலேஜ் கேட்டுல நிக்கச் சொல்லிட்டாங்க. எங்களைன்னா பொண்ணுங்க பத்து பேர், தாவணி கட்டி, தலை நிறைய பூ வச்சு, ஆளுக்கு ஒரு தட்டு. என் தட்டுல சந்தனக் கிண்ணம், குங்குமம், கல்கண்டு. பக்கத்துல நின்ன ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு கையில பன்னீர் சொம்பு. பசங்க ஒருத்தரைக்கூட தட்டு புடிக்கக் கூப்பிடல, நான் சேர்ந்த இந்த மூணு வருஷத்துல ஒரு தடவைகூட கூப்பிட்டதில்ல. மணி பதினொன்னாச்சு, சீஃப் கெஸ்ட் கிளம்பிட்டாராம். பன்னெண்டாச்சு, பக்கத்து ஊர்ல வேற ஒரு ஃபங்ஷன்ல இருக்காராம். அடிக்கிற வெயில்ல சந்தனம் வத்துன கம்மா மாதிரி பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு, மேடம் வந்து எட்டிப் பாத்துட்டு கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சுக்கம்மான்னு சொல்லிட்டு நிழலுக்குப் போயிட்டாங்க. மூணு தடவை காஞ்சுது, மூணு தடவை குழைச்சேன். 1.05க்கு கார் வந்துச்சு. இறங்குனாரு, காதுல போனை வச்சுக்கிட்டே எங்களைத் தாண்டி விறுவிறுன்னு உள்ள போயிட்டாரு. கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பாக்கல.

உள்ள ஹால்ல இருந்தவங்க நிலைமை இதைவிட மோசம். 300 பேருக்கு மேல, பத்து மணில இருந்து பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துருக்காங்க, பாதி ஃபேன் ஓடாது, கதவுல ரெண்டு சார் நின்னுக்கிட்டு பாத்ரூம் போறவங்களை ஒவ்வொருத்தரா எண்ணி விடுறாங்க, டிபன் பாக்ஸ் திறக்கக்கூடாதுன்னு மைக்குலயே அறிவிப்பு, காலைல ஆறு மணிக்கு ஊர்ல பஸ் ஏறுன புள்ளைங்க அதுல எத்தனை பேர்னு யாராவது யோசிச்சாங்களா? அவர் பேசுனது 20 நிமிஷம். அதுல பாதி அவர் எப்படி வாழ்க்கைல முன்னுக்கு வந்தாருங்கறது, மீதி இந்தக் காலத்து புள்ளைங்க போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு எங்களுக்கு அறிவுரை. அப்புறம் பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண். முடிஞ்சுதுன்னு எந்திரிச்சா, உக்காருங்க உக்காருங்கன்னு சத்தம்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வயிறெரிஞ்ச விஷயம். மேடைக்குப் பின்னாடி கட்டியிருந்த போதை ஒழிப்பு விழிப்புணர்வு பேனரை அவுத்தாங்க. அடியில இன்னொரு பேனர் ரெடியா இருந்துச்சு, நுகர்வோர் உரிமைன்னு. முன்வரிசைல இருந்த எங்களை எல்லாம் பின்னாடி போகச் சொல்லி, பின்னாடி இருந்தவங்களை முன்னாடி வரச் சொன்னாங்க, ரெண்டு போட்டோலயும் ஒரே முகம் வரக்கூடாதாம். எங்க டிபார்ட்மென்ட் சார் ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு பேசுற மாதிரி கையை நீட்டிக்கிட்டு நின்னாரு, வாயைத் திறக்கவே இல்ல. ஆபீஸ் அண்ணன் போன்ல ஜிபிஎஸ் மேப் கேமரா ஆப்பைத் திறந்து, அட்சரேகை தீர்க்கரேகை தேதி நேரம் எல்லாம் கீழ விழுற மாதிரி நாலு பக்கத்துல இருந்தும் எடுத்தாரு. அவ்வளவுதான். ரெண்டாவது ப்ரோக்ராம் முடிஞ்சுது. சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்ல கூகுள் ஃபார்ம் வந்துச்சு, நுகர்வோர் உரிமை பற்றிய கருத்தரங்கு உங்களுக்கு எவ்வளவு பயனுள்ளதாக இருந்ததுன்னு. எல்லாரும் 5 போட்டுருங்கன்னு கீழயே ஒரு மெசேஜ். போட்டாத்தான் சர்டிபிகேட்.

இதெல்லாம் எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாம இல்ல. நாக் (NAAC). 1994ல ஆரம்பிச்சது, பெங்களூருல இருக்கு, நாடு முழுக்க காலேஜுக்கெல்லாம் கிரேடு போடுற அமைப்பு. ஏழு தலைப்பு வச்சிருக்காங்க, கற்பித்தல் ஒன்னு, ஆராய்ச்சியும் ஊருக்கான சேவையும் ஒன்னு, மாணவர் நலன் ஒன்னு, இப்படி. என்னென்ன தேசிய தினம், சர்வதேச தினம் கொண்டாடுனீங்கன்னு கேக்குறதும் அதுக்குள்ள வருது. வருஷா வருஷம் ரிப்போர்ட் அனுப்பணும், அதுக்கு போட்டோ ஆதாரம் வேணும். கேக்குறதுல தப்பே இல்லங்க. ஒரு காலேஜ்ல பாடத்தைத் தாண்டி என்ன நடக்குதுன்னு கேக்கணும்தான். ஆனா என்ன நடக்குதுன்னு கேட்டதுக்கு எதையாவது நடத்துறதை விட்டுட்டு, நடந்த மாதிரி படம் புடிச்சு அனுப்பக் கத்துக்கிட்டாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. பிப்ரவரி 28 அறிவியல் தினம்னா ராமன் விளைவைப் பத்தி ஒரு சார் அரை மணி நேரம் பேசலாம்ல, எங்க ஃபிசிக்ஸ் சார் அவ்வளவு அழகா பேசுவாரு. அவரைப் பேனர் புடிக்க விட்டாங்க.

டிபார்ட்மென்ட் மன்றம்னு ஒன்னு இருக்கு. சேரும்போதே அதுக்குன்னு தனியா ஃபீஸ் வாங்கிடுவாங்க. ஜூலை ஆகஸ்ட்ல மன்றத் தொடக்க விழா, மார்ச்ல நிறைவு விழா, குத்துவிளக்கு ரெண்டு தடவை ஏத்துவாங்க. நடுவுல அந்த மன்றம் என்ன பண்ணுச்சு? ஒரு கூட்டம்? ஒரு பட்டிமன்றம்? நான் வரலாற்றுத் துறை மன்றத்துல செயலாளராம். எனக்கே அது நோட்டீஸ் அடிச்சு ஒட்டுன அன்னைக்குத்தான் தெரியும்.

செயலாளரை யார் தேர்ந்தெடுத்தா? மேடம். மாணவர் சேர்மனை யார் தேர்ந்தெடுத்தா? பிரின்சிபல். 2006ல லிங்டோ கமிட்டி ரிப்போர்ட்டை ஏத்துக்கிட்டு சுப்ரீம் கோர்ட்டே காலேஜ்ல மாணவர் தேர்தல் நடத்தச் சொல்லியிருக்கு, ஒருத்தர் 5000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாதுங்கறது வரைக்கும் விதி எழுதியிருக்காங்க, இங்க அதைப் பத்தி வாயைத் திறந்தாலே அரசியல் பேசாதன்னு அடக்குறாங்க. எங்க பெரியப்பா பையன் தாம்பரம் கிறித்தவக் கல்லூரில படிச்சான், சேலையூர் ஹால்ங்கற ஹாஸ்டல்ல தங்கியிருந்தான். 1937ல தாம்பரத்துக்கு வந்த காலேஜ் அது, அங்க ஹால் விஷயத்தையெல்லாம் பசங்களே ஆள் தேர்ந்தெடுத்து, பசங்களே கணக்கு வச்சு, பசங்களே சண்டை போட்டு நடத்துவாங்கன்னு ஒவ்வொரு லீவுக்கும் வந்து கதை கதையா சொல்லுவான். அதைக் கேட்டு வளர்ந்துதான் நான் காலேஜ்னா அப்படி இருக்கும்னு நம்பி வந்தேன். எங்களுது சின்ன காலேஜ்தான், ஹாஸ்டல் கிடையாது, அங்க மாதிரி காடு கிடையாது, சரி. ஆனா சின்ன காலேஜ்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே, வாட்ச்மேன் தாத்தாவுக்கு என் ஊரு பேரு தெரியும், கேன்டீன் அக்காவுக்கு எனக்கு டீல சர்க்கரை எவ்வளவுன்னு தெரியும். அதைவிட என்ன வேணும் ஒன்னு சேர்றதுக்கு?

ஒன்னு சேர்ந்தோமே, அதைத்தான் கலைச்சாங்க.

போன வருஷம் என்எஸ்எஸ் கேம்ப்ல ஆரம்பிச்சது. (என்எஸ்எஸ்ஸை நான் குறை சொல்லவே மாட்டேன். 1969ல காந்தி நூற்றாண்டப்ப ஆரம்பிச்ச நாட்டு நலப்பணித் திட்டம், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், ஏழு நாள் கேம்ப், என் காலேஜ் வாழ்க்கைலயே உருப்படியான ஏழு நாள் அதுதான்.) ஆறாவது நாள் ராத்திரி கரண்ட் போயிருச்சு. பள்ளிக்கூடத் திண்ணைல உக்காந்திருந்தோம், அந்த ஊரு ஆத்தா ஒருத்தவங்க வந்து கதை சொல்ல ஆரம்பிச்சாங்க, பதினொரு மணி வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கல. ஊருக்குத் திரும்பி வந்தும் அந்த ஆசை விடல. வியாழக்கிழமை 3.30க்கு காலேஜ் முடிஞ்சதும் லைப்ரரி பக்கத்து வேப்பமரத்தடில ஏழெட்டு பேர் உக்காருவோம். ஒருத்தர் ஒரு கதையை சத்தமா படிப்பாங்க, அப்புறம் பேசுவோம். பிகாம் தம்பி ஒருத்தன், மேக்ஸ் ஜூனியர் ரெண்டு பேர், தமிழ் டிபார்ட்மென்ட் அக்கா ஒருத்தங்க, நான். பிகாம் தம்பிக்கு திக்குவாய், முதல் மாசம் வாயே திறக்கல. நாலாவது மாசம் ரெண்டு பக்கம் படிச்சான். நடுவுல நின்னு நின்னு படிச்சான், யாரும் சிரிக்கல, யாரும் எடுத்துக் குடுக்கவும் இல்ல, முடிக்கிற வரைக்கும் காத்திருந்தோம். முடிச்சிட்டு புத்தகத்தை மூடி மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், அந்த மூஞ்சி எனக்கு சாகுற வரைக்கும் மறக்காது.

ரெண்டு மாசம் முன்னாடி பிரின்சிபல் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. பசங்களும் பொண்ணுங்களும் மரத்தடில என்ன வேலைன்னு கேட்டாங்க. சொன்னோம். பர்மிஷன் வாங்குனியா? லெட்டர் குடுத்தேன், ஒரு ரூம் குடுங்க சார், வாரத்துக்கு 45 நிமிஷம், வேற எதுவும் வேண்டாம்னு. சீஃப் கெஸ்ட் யாரு, பொறுப்பு ஸ்டாஃப் யாரு, எந்த டிபார்ட்மென்ட் கணக்குல காட்டுறதுன்னு கேட்டுட்டு லெட்டரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. லைப்ரேரியன் சார் நான் பொறுப்பு எடுத்துக்கிறேன்னு சொன்னாரு, அவரு டீச்சிங் ஸ்டாஃப் இல்லயாம், அதனால செல்லாதாம். மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு. 3.45க்கு மேல கேம்பஸ்ல யாரும் இருக்கக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க, எங்க பாதுகாப்புக்காம்.

இதே காலேஜ்தான் புதன்கிழமை எங்களை சாயங்காலம் 5.15 வரைக்கும் வச்சிருந்துச்சு, ஹால்ல சேர் அடுக்கிட்டுப் போங்கன்னு. எங்க ஊருக்கு 4.40 டவுன் பஸ், லேடீஸ்க்கு டிக்கெட் கிடையாது. அதை விட்டா 6.50. அது வரைக்கும் இருட்டுல நிக்க முடியாதுன்னு ஷேர் ஆட்டோல 40 ரூபாய் குடுத்துப் போனேன். தாவணி வாடகை 300. நான் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருது, 2022ல எங்களை மாதிரி புள்ளைங்க படிப்பை விட்டுறக்கூடாதுன்னு ஆரம்பிச்ச பணம் அது, அதுல 340 ரூபாய் ஒரே நாள்ல ஒருத்தர் திரும்பிப் பாக்காத சந்தனத்துக்காகப் போச்சு. வீட்டுக்குப் போனா அம்மா வாசல்லயே நிக்கிறாங்க, ஏண்டி இவ்வளவு நேரம்னு. என்ன சொல்லுவேன்? போட்டோவுக்கு உக்காந்திருந்தேம்மான்னா?

எங்க பாதுகாப்பு 3.45க்கு கெட்டுப்போகுது, 5.15க்கு எப்படிங்க சரியாச்சு?

நேத்து வியாழக்கிழமை. காலேஜுக்கு வெளிய பஸ் ஸ்டாப் திண்ணைல உக்காந்தோம், அது அவங்க இடம் இல்ல, பர்மிஷன் தேவையில்ல. ஆறு பேர். லாரி போற சத்தத்துல பாதி கேக்கல, தமிழ் அக்கா தொண்டை கிழியப் படிச்சாங்க. கதை முடியுறதுக்கு ரெண்டு பக்கம் இருக்கும்போது 4.40 வந்துருச்சு, நானும் மேக்ஸ் ஜூனியரும் ஓடி ஏறிட்டோம். மீதியை ராத்திரி பிகாம் தம்பி வாய்ஸ் மெசேஜ்ல படிச்சு அனுப்புனான், 11 நிமிஷம்.

திங்கக்கிழமை பத்தரைக்கு அடுத்த ப்ரோக்ராம், எல்லாரும் கண்டிப்பா வரணும், வரலன்னா அட்டெண்டன்ஸ் போயிரும்னு குரூப்ல வந்துருக்கு. எனக்கு 82 பர்சன்ட் இருக்கு, 75க்கு இன்னும் இடம் இருக்கு. நான் போகப்போறதில்ல. அந்த நேரத்துல பிரின்சிபல் ரூம் வாசல்ல அதே லெட்டரை வச்சுக்கிட்டு நிக்கப்போறேன், இந்த தடவை கீழ 31 பேர் கையெழுத்து இருக்கு.