வடிகால் ஆணையருக்கு ஓர் ஓட்டு

அமெரிக்க வாக்காளர்களின் அறியாமையைக் கிண்டலடிக்கும் காணொளிகளை நண்பர்கள் வாரம் தவறாமல் எனக்கு அனுப்புகிறார்கள். ஒருவர் மைக்கோடு தெருவில் நிற்பார். "துணை அதிபர் யார்?" என்று கேட்பார். எதிரில் நிற்பவர் திருதிருவென்று விழிப்பார். நானும் சிரித்தவன்தான். 2024 அக்டோபரில், தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்த இரவோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

நான் வசிக்கும் மிச்சிகன் மாநிலத்தில் வாக்குச்சீட்டு இரண்டு பக்கமும் நிறைந்திருக்கும். அதிபர், செனட்டர், பிரதிநிதிகள் சபை வரைக்கும் கை தயங்காமல் போகிறது. அதற்குக் கீழேதான் கதையே. மாநிலக் கல்வி வாரியத்துக்கு இருவர், மூன்று பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களுக்குத் தலா இருவர், அரசு வழக்குரைஞர், ஷெரீஃப், நம் மாவட்டம் போன்ற கவுன்டிக்கு எழுத்தர், பொருளாளர், போதாக்குறைக்கு மழைநீர் வடிகாலுக்கென்று ஓர் ஆணையர்! அப்புறம் நீதிபதிகள். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்களை நிறுத்துவது கட்சிகள். ஆனால் சீட்டில் கட்சியின் பெயர் இருக்காது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் அதை மட்டும் பெயரோடு அச்சிட்டிருப்பார்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "வடிகால் ஆணையர் என்ன செய்வார், அப்பா?"

"வடிகாலைப் பார்த்துக்கொள்வார்."

சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது. வடிகால் வேலைக்கு ஆகும் செலவை நிலச் சொந்தக்காரர்கள் தலையில் கட்டும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சொந்தக்காரர்களில் நானும் ஒருவன்.

இத்தனைக்கும் நான் குடியுரிமைத் தேர்வுக்காக நூறு கேள்விகளை உருப்போட்டவன். அரசியலமைப்பில் எத்தனை திருத்தங்கள், செனட்டரின் பதவிக்காலம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்போதெல்லாம் பத்துக் கேள்விகள் வரை கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் போதும். என்னிடம் ஆறாவது கேள்வியோடு அதிகாரி தாளை ஓரமாக வைத்துவிட்டார். மீதியையும் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டவன் நான்! அவ்வளவு படித்தும், அதில் ஒரு வரிகூட அன்றிரவு அந்த மேசையில் உதவவில்லை.

அரசின் மூன்று அங்கங்களையும் சொல்லத் தெரிந்த அமெரிக்கர்கள் 26 சதவீதம்தான் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனென்பர்க் ஆய்வு மையத்தின் 2017 கணக்கெடுப்பு சொன்னபோது எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2024-இல் அது 65 சதவீதமாக ஏறிவிட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் இந்த நாட்டு அரசியல் தெளிந்துவிட்டதாக யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தின் பங்கு இதில் சிறிதல்ல. 2002-இல் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டம் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும் வாசிப்புக்கும் கணக்குக்கும் தேர்வைக் கட்டாயமாக்கியது. தேர்வில் வராத பாடத்தின் கதி என்னவென்று நமக்குத் தெரியாதா? குடிமையியல் ஓரத்துக்குப் போனது. 2022 தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 22 சதவீதம் பேரே அந்தப் பாடத்தில் எதிர்பார்த்த தரத்தைத் தொட்டார்கள். என் மகளுக்கு லிங்கனைத் தெரியும். ஊரின் பள்ளி வாரியம் எந்தக் கிழமை கூடுகிறது என்று தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆனால் என் கோபம் பள்ளியைவிட ஊடகத்தின் மீதுதான் அதிகம். எங்கள் பக்கத்தில் ஆன் ஆர்பர் நியூஸ் என்று ஒரு நாளிதழ் 174 ஆண்டுகள் நடந்தது. 2009 ஜூலையில் மூடினார்கள். பின்னால் அதே பெயர் திரும்பி வந்தது, தினமும் வீட்டு வாசலில் விழும் தாள் வரவில்லை. கேபிள் தொலைக்காட்சிக்கு விடிந்தால் வாஷிங்டன், அடைந்தால் வாஷிங்டன். இழுபறி மாநிலம் என்பதால் அதிபர் தேர்தல் விளம்பரங்கள் எங்கள் காதைக் கிழித்தன. நீதிபதிகளைப் பற்றி ஒரு பேச்சு?

உள்ளூர்ப் பத்திரிகை இருந்தாலும் போதவில்லை என்பதற்கு, நியூயார்க்கிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் சான்டோஸ் சாட்சி. அவருடைய சொத்துக் கணக்கு திடீரென்று ஊதிப்போனதை லாங் ஐலண்டின் நார்த் ஷோர் லீடர் என்ற சின்ன வார இதழ் தேர்தலுக்கு முன்பே, 2022 செப்டம்பரில், எழுதிவிட்டது. பெரிய ஊடகம் எதுவும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நவம்பரில் அவர் ஜெயித்தார். படிப்பும் வேலையும் இட்டுக்கட்டியவை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது டிசம்பரில். ஓட்டுப் போட்டவர்களை முட்டாள்கள் என்று எப்படிச் சொல்வேன்? அவர்கள் கைக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லையே. 2023 டிசம்பரில் சபை அவரை வெளியேற்றியது வேறு கதை.

அன்றிரவு வடிகால் ஆணையர் வரியில் கட்சியைப் பார்த்துத்தான் வட்டத்தை நிரப்பினேன். நீதிபதிகளில், பதவியில் இருப்பவர் என்று அச்சிட்டிருந்தவர்களுக்கே போட்டேன். கடைசியில் நூலக வாரியம் வந்தது. மகள் ஒரு பெயரில் விரலை வைத்து, "இவங்க சனிக்கிழமை நூலகத்தில் குட்டிப் பசங்களுக்குக் கதை படிப்பாங்களே!" என்றாள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் நான் காரணத்தோடு நிரப்பிய வட்டம் அது ஒன்றுதான்.