அட்வான்ஸ் கொடுத்தால் ஆள் சொந்தமா?

செங்கல் சூளையிலிருந்து கொத்தடிமைகளை மீட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், "அட்வான்ஸ் வாங்கினார்கள்தானே, வேலை செய்து கழிக்கட்டுமே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். போன வாரம் என் நண்பரே சொன்னார். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

அடிமை என்றதும் நமக்குக் கப்பலும் சங்கிலியும்தான் ஞாபகம் வரும். போரில் பிடிபட்டவர்களை அடிமையாக்கினார்கள், உண்மைதான். கடனும் அதே போலப் பழைய வழி. சுமார் 3,750 வருடங்களுக்கு முன்னால் பாபிலோனில் ஹம்முராபி போட்ட சட்டத்தைப் பாருங்கள்: கடனுக்காக மனைவி மக்களை விற்றால், அவர்கள் மூன்று வருடம் உழைத்தால் போதும், நான்காம் வருடம் விட்டுவிட வேண்டும்.

நம் ஊரில் அந்தக் கெடுகூடக் கிடையாது. பெரிய புராணத்தில், சிவனடியார் சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, நீ என் அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். அப்புறம் வெண்ணெய்நல்லூர் சபையில் மூல ஓலை வெளியே வருகிறது. நானும் என் வழியில் வருகிறவர்களும் தொண்டு செய்வோம் என்று சுந்தரரின் தாத்தா எழுதிக் கொடுத்தது. கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது. வழக்கு முடிந்தது. வந்தவர் சிவபெருமான், அது பக்தி. ஆனால் தாத்தா எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதை, இந்தக் கதையைப் பாடிய சேக்கிழார் காலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1201-ல் பஞ்சம் தாங்காமல் ஒருவர் தன்னையும் இரண்டு மகள்களையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றிருக்கிறார். அதற்குக் கல்வெட்டே இருக்கிறது.

1843-ல் வெள்ளைக்காரர் சட்டம் வந்து, ஆளைச் சொத்தாகக் கோர்ட்டில் கேட்க முடியாமல் போனது. ஆனால் அந்தச் சட்டம் கடனைத் தொடவில்லை. பண்ணையாள் பண்ணையிலேயே கிடந்தார். 1976 சட்டம்தான் கொத்தடிமைக் கடனே செல்லாது என்றது. அது அப்படிப்பட்ட கடன் இல்லை என்பதைக் கடன் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ஒரு சூளையில் ஓர் அக்கா தன் கணக்கு நோட்டைக் காட்டினார். அட்டை பிய்ந்த நோட்டு. ஒரு பக்கம் அட்வான்ஸ், அரிசி, ஆஸ்பத்திரிச் செலவு. மறுபக்கம் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. எழுதியது மேஸ்திரி. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மழையில் இன்னும் சுடாத பச்சைக் கல் கரைந்தால் அன்றைய கூலியும் போச்சு, கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

பக்கத்தில் அவர் மகன் காய்கிற கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது வயது இருக்கும். அட்வான்ஸ் வாங்கியபோது அவன் பிறந்திருக்கவே இல்லை.