ஜெர்மன் படிக்க அன்கி: 20 வேண்டாம், 10 போதும்

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகப் படிப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த ஆப் நல்லது?"

படத்தைத் தொடு, நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற ரக ஆப்களில் சொல்லைக் கண்டால் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். பேச்சுத் தேர்வில் யாரும் நாலு விடை காட்டமாட்டார்கள். சொல்லை மனசிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு அன்கி என்கிற கார்டு ஆப்தான் சரி: முன்பக்கத்தைக் காட்டும், பின்பக்கத்து விடையை நீங்கள் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டும், சில நாள் கழித்து அதே கார்டு திரும்ப வரும். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. பார்க்க லட்சணமாக இருக்காது.

கார்டை நீங்களே எழுதுங்கள். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஜெர்மன் எழுத்தில் சொல், கூடவே ஒலி. உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். 'பாக்கன்' என்று எழுதினால் பெட்டி கட்டுவதா, ரொட்டி சுடுவதா? ஜெர்மனில் இரண்டும் வேறு எழுத்து, வேறு ஒலி. நம்மிடம் இருப்பதோ ஒரே ப.

பெயர்ச்சொல்லைப் பால் குறிக்கும் முன்சொல், பன்மை இரண்டோடும் சேர்த்தே எழுதுங்கள். நமக்கு அர்த்தத்தை வைத்துப் பால் தெரிந்துவிடும். அங்கே மேசை ஆண்பால், கதவு பெண்பால். 'டேர் லைட்டர்' மேலாளர், 'டீ லைட்டர்' ஏணி!

அடுத்து செட்டிங்ஸ். தினமும் 20 புதுக் கார்டு என்றுதான் முதலில் இருக்கும். ஒவ்வொரு கார்டும் திரும்பத் திரும்ப வருவதால், சில வாரங்களில் தினசரி மறுபார்வை நூற்றைம்பதைத் தாண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவரால் ஆகிற காரியமா? 10 ஆக்குங்கள். எந்தக் கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கிற எஃப்எஸ்ஆர்எஸ் (FSRS) என்ற கணக்கு முறையை ஆன் செய்து, நினைவு விகிதத்தை, அதாவது திரும்ப வரும்போது எத்தனை சதவீதம் கார்டு ஞாபகத்தில் இருக்க வேண்டும் என்பதை, 90 சதவீதத்திலேயே விடுங்கள். ஆசைப்பட்டு 97 வைத்தால் வேலை பல மடங்காகும்.

பலர் சறுக்குவது, விடையைப் பார்த்ததும் அழுத்துகிற பட்டனில். மறந்துபோன சொல்லுக்கு, மனசு கேட்காமல் 'ஹார்ட்' அழுத்துகிறார்கள். 'ஹார்ட்' என்றால் கஷ்டப்பட்டாவது ஞாபகம் வந்தது என்று அர்த்தம். மறந்ததற்கு அதை அழுத்தினால் அன்கி தேர்ச்சி போட்டு, கார்டைத் தள்ளி வைத்துவிடும். மறந்தால் 'அகெய்ன்', வேறு பேச்சே இல்லை.

மனசில் பதிந்த பிறகு 8 தடவை மறந்த கார்டை அன்கியே 'லீச்' (அடம்பிடிக்கிற கார்டு) என்று குறிக்கும், செட்டிங்ஸைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். அதை அப்படியே மறுபடி ஓடவிடாதீர்கள். சொல்லை ஒரு சின்ன வாக்கியத்தில் வைத்துப் புதுக் கார்டு எழுதுங்கள்: "ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது."