பலகையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் திட்டுகிறோம்

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தக் காணொளியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆற்றங்கரைப் பாதையில் டியூஷனுக்குப் போன பெண்ணின் சைக்கிள் பெரியவர் மேல் இடித்தது, அவர் கைத்தடியை ஓங்கியது, அவள் அழுதது எல்லாம் நீங்களும் பார்த்ததுதான். கீழே வந்து விழுந்த கருத்துகளையும் பார்த்திருப்பீர்கள். 'வளர்ப்பு சரியில்லை.' பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை ஓட்டிப் போகும் பிள்ளையின் வளர்ப்பு வரைக்கும் போனவர்களில் ஒருவருக்காவது, பாதை முனையில் நிற்கும் பலகையை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். பாலத்துப் பக்கம் நீல வட்டத்துக்குள் சைக்கிள் படம். நீல வட்டம் என்றால் கட்டாயக் குறியீடு. இது சைக்கிளுக்கான தடம் என்கிறது அது. கோயில் பக்கம் நுழைந்தால் 'நடைப்பயிற்சிப் பாதை' என்று பெரிய வளைவு. இரண்டும் ஒரே பாதை! அவள் பாலத்திலிருந்து வந்தாள், அவர் கோயிலிலிருந்து வந்தார். அவரவர் பலகைப்படி இருவரும் சரி. நடுவே மதகு அருகில் மூன்றாவது பலகை ஒன்று உண்டு. அதன்மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. மறைந்தவரின் தோளுக்குக் கீழே சைக்கிள் சக்கரம் பாதி தெரிகிறது. மேலே என்ன வரைந்திருக்கிறது என்பது அவருக்கே வெளிச்சம். தரையில் போட்ட வெள்ளைக் கோடும் மதகோடு முடிகிறது. அதற்கப்பால் அவரவர் தலையெழுத்து.

பலகைதான் தப்பு. பிள்ளை இல்லை. பெரியவரும் இல்லை.

வெளிநாட்டுக் கதை பேசாதே என்பீர்கள், பேசத்தான் போகிறேன். ஜெர்மனியில் இதற்கு இரண்டு பலகைகள். இரண்டும் நீல வட்டம்தான், இரண்டிலும் நடக்கிற ஆளும் உண்டு, சைக்கிளும் உண்டு. நடுவில் படுக்கைக்கோடு இருந்தால் எல்லோரும் கலந்து போகலாம். நெடுக்குக்கோடு இருந்தால் நடப்பவருக்கு ஒரு பக்கம், சைக்கிளுக்கு ஒரு பக்கம். ஒரு கோடு போட எவ்வளவு பெயின்ட் ஆகிவிடும்? திறப்பு விழாக் கல்வெட்டில் அத்தனை பெயர்களுக்கும் தங்க நிறம் பூச முடிந்ததே!

'அந்தக் காலத்தில் பலகையா இருந்தது?' இல்லைதான். இது வெறும் மண்கரையாக இருந்தபோது என் அப்பா இதே வழியில் நெல் மூட்டை வைத்து ஓட்டியவர். மணியடித்தால் ஒதுங்குவார்கள், யாருடைய மணி என்றுகூடத் தெரியும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் இங்கே வந்து சேரும் நாளில் கரை முழுக்க ஆட்கள் நிற்பார்கள். அப்பா இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். இன்று காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடப்பவரும் கியர் சைக்கிளில் பறப்பவரும் அறுவடைக் காலத்தில் நெல் காயவைப்பவரும் அதே கரையில்தான். நெல்லைச் சொன்னால் விவசாயிக்கு விரோதி என்பார்கள். அதை விடுகிறேன்.

'பலகை வைத்தால் மட்டும் நம் ஆட்கள் மதிப்பார்களா?' இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மோட்டார் வாகனம் நடைபாதையிலும் சைக்கிள் தடத்திலும் ஏறக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே எழுதியிருந்தார்கள். தினமும் காலையில் பைக்குகள் அந்தப் பாதையில் சீறிக்கொண்டுதான் போகின்றன. அவற்றை யாரும் படம் பிடிப்பதில்லை, ஏன்? பைக்காரரைக் கேட்டால் சட்டையைப் பிடிப்பார். டியூஷனுக்குப் போகும் பெண் என்றால் அழுவாள். படம் பிடிக்கத் தோதாக இருக்கும்.

மனு கொடுக்கவும் போனேன். பாதை எங்களுடையது, கரை வேறு துறை என்றார்கள். 'சாருக்கு ஓய்வூதியம் வருகிறது, பொழுது போகவில்லை' என்று பக்கத்து மேசையில் ஒருவர் சொல்ல, நான்கு பேர் சிரித்தார்கள். அது பரவாயில்லை. இருபது வருடப் பழக்கமுள்ள நண்பர் நம் குழுவிலேயே என்னைச் 'சைக்கிள் கட்சித் தலைவர்' என்று எழுதியதுதான் உறுத்துகிறது. என்னிடம் சைக்கிளே கிடையாது, அய்யா. முழங்கால் வலியோடு அந்தப் பாதையில் நடக்கிறவன் நான்.

காணொளியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அடிபட்ட பெரியவரின் மகனே புதன்கிழமை நீக்கிவிட்டார். அவரைவிட உங்களுக்கா வலிக்கிறது?