கார்தஹினேஸுக்கு யாரும் ஓசியில் கோப்பை கொடுக்கவில்லை

சனிக்கிழமை நம்மவர் ஒருவர் நடத்திய கால்பந்து நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்பது தெரியும். பார்க்காதவர்கள் இனிமேல் அதைத் தேடிப் போக வேண்டாம். அவருக்கு நம்மால் நான்கு பார்வைகள் கூடுவதில் எனக்கு விருப்பமில்லை. கோஸ்டாரிக்கா லீக்கின் 2022 கிளௌசுரா, அதாவது போட்டியாண்டின் இரண்டாம் பாதிப் பருவத்தைப் பற்றி மூன்றே நிமிடம் பேசினார். அந்த மூன்று நிமிடத்துக்குள் கார்த்தாகோ ஊரின் கார்தஹினேஸ் கழகம் வென்றதை "ஓசிக் கோப்பை" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, இடையில் நான் எழுதிய பின்னூட்டத்தையும் உரக்க வாசித்துச் சிரித்தார். சிரித்ததைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஓசிக்கு வருவோம்.

அவருடைய வாதம் எளிமையானது. லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி அலஹுவெலென்சே, கோப்பையைத் தூக்கிய அணி கார்தஹினேஸ், ஆகவே இது நியாயமற்ற கோப்பை என்கிறார். இதைச் சொல்வதற்கு முன்னால் அந்த லீக்கின் விதியை ஒரு முறை படித்திருக்கலாம். அந்தப் பருவத்தில் பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள், முதல் நான்கு இடங்களில் வருபவர்கள் அரையிறுதிக்குப் போனார்கள். அரையிறுதியையும் இறுதியையும் பட்டியலின் முதல் அணியே வென்றுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, அதுவே சாம்பியன். வேறு அணி வென்றால், அந்த அணிக்கு உடனே கோப்பை கிடைத்துவிடாது. முதலிடம் பிடித்த அணியோடு மறுபடியும் இரண்டு ஆட்டங்கள் கொண்ட ஒரு பெரிய இறுதியை ஆட வேண்டும், அதில் இரண்டாவது ஆட்டம் முதலிட அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும். அதாவது, முதலிடம் பிடித்த அணி வழியில் சறுக்கினாலும் அதற்கு இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. இப்போது சொல்லுங்கள், இந்த விதியில் ஓசி யாருக்கு?

கார்தஹினேஸ் அந்தப் பெரிய இறுதியின் முதல் ஆட்டத்தைத் தன் ஊரில் 1-0 என வென்றது. இரண்டாவது ஆட்டத்தை அலஹுவேலாவின் மொரேரா சோட்டோ மைதானத்தில், எதிரணியின் கறுப்பு சிவப்புக் கூட்டத்துக்கு நடுவே ஆடி 1-1 எனச் சமன் செய்தது. மொத்தத்தில் 2-1. எதிராளியின் வீட்டுக்குள் போய், எதிராளிக்குச் சாதகமாக எழுதப்பட்ட விதிக்குள் நின்று எடுத்து வந்த கோப்பைக்கு ஓசி என்று பெயர் வைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

"22 ஆட்டங்களில் காட்டிய நிதானத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்த மதிப்புத்தான் மேலே சொன்ன இன்னொரு கதவு. அது போதாது என்றால் லீக் நிர்வாகத்துக்கு எழுதுங்கள், கார்தஹினேஸை ஏன் திட்டுகிறீர்கள்? விதி பருவம் தொடங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். 2019 டிசம்பரில் இதே அலஹுவெலென்சே முதலிடம் பிடித்திருந்தும் எரேடியானோ கழகத்திடம் பெனால்டியில் கோப்பையை இழந்தது. அன்று எரேடியானோவின் கோப்பையை ஓசி என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை, ஏனென்றால் எரேடியானோ பெரிய வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தில் இரண்டாம் நிலை லீக்கில் ஆறாவதாக வரும் அணிகூட பிளே ஆஃப் வென்று பிரீமியர் லீக்குக்குப் போகலாம். அதை நம்மவர்கள் "என்ன ஒரு நாடகம்!" என்று விடிய விடியப் புகழ்கிறார்கள். அங்கே நாடகம், இங்கே ஓசி.

இனி, நான் ஏன் இதற்கு இவ்வளவு துடிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு. 2020 மே மாதம் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அமெரிக்கக் கண்டங்களில் முதலில் பந்தை உருட்டத் தொடங்கிய லீக்குகளில் ஒன்று கோஸ்டாரிக்கா லீக். பார்வையாளர் இல்லாத அரங்கில் பயிற்சியாளர்கள் கத்துவதும் பந்து கம்பத்தில் மோதுவதும் தெளிவாகக் கேட்கும். அங்கே இரவு எட்டு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஏழரை. ஒரு கையில் காப்பி, மறு கையில் கைப்பேசி என்று பார்க்கத் தொடங்கியவன், நீல வெள்ளைச் சட்டை பிடித்துப் போனதால் கார்தஹினேஸ் பக்கம் சாய்ந்தேன். அவர்கள் கடைசியாக லீக் கோப்பையை வென்றது 1940இல் என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். பெண் பார்த்து முடித்த பிறகு ஜாதகம் வந்து சேர்ந்த கதை.

அப்பாவுக்குக் கால்பந்தில் ஆர்வம் கிடையாது. இறுதி ஆட்டத்தன்று காலை, "யாருடா ஆடுறாங்க?" என்று கேட்டார். எண்பத்தோரு வருடமாக ஜெயிக்காதவர்கள் என்றேன். "அப்ப நான் பொறக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, ஐந்தே நிமிடத்தில் ஈரத் தலையும் தோளில் துண்டுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைசி விசில் வரை எழுந்திருக்கவில்லை. நாற்காலி முழுக்கத் தண்ணீர். விதியைப் படிக்காதவர் அவரும்தான். ஆனால் என்ன நடக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

எண்பத்தோரு ஆண்டு என்பதை ஒரு எண்ணாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கார்தஹினேஸ் 1906இல் தொடங்கப்பட்ட கழகம். 1923, 1936, 1940 என மூன்று முறை பட்டம் வென்றது. அதன் பிறகு 2022 வரை நடந்ததைப் பாருங்கள். சப்ரிசா என்ற கழகம் முதல் நிலை லீக்குக்கே 1949இல்தான் வந்தது; வந்து 36 பட்டங்களை வென்றது; அந்த முப்பத்தாறும் கார்தஹினேஸ் காத்திருந்த இந்த இடைவெளிக்குள் அடக்கம். கோஸ்டாரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து, 1948இல் நாடு தன் இராணுவத்தையே கலைத்தது. 1963இல் ஊருக்கு மேலே நிற்கும் இராசு எரிமலை வெடித்து, இரண்டு ஆண்டுகள் சாம்பலைக் கொட்டியது. 2014இல் தேசிய அணி உலகக் கோப்பையின் காலிறுதி வரை போனது. இத்தனையும் நடந்து முடிந்தது, கார்தஹினேஸ் மட்டும் ஜெயிக்கவில்லை. அதிலும் பெரிய கேலி ஒன்று உண்டு: வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கழகங்கள் மோதும் கான்காகாஃப் சாம்பியன்ஸ் கோப்பையை 1994ஆம் ஆண்டுக்கு, மெக்ஸிகோவின் அட்லாண்டேவை 3-2 என வீழ்த்தி அவர்கள் வென்றார்கள். வட்டாரத்துக்கே ராஜா, சொந்த ஊர் லீக்கில் வெறுங்கை.

ஊர்க்காரர்கள் இதற்குக் காரணம் தேடினார்கள். 1940 வெற்றிக் கொண்டாட்டத்தில் ஆட்டக்காரர்கள் குதிரையோடு தேவதைகளின் அன்னை பேராலயத்துக்குள் நுழைந்ததாகவும், பாதிரியார் சபித்துவிட்டதாகவும் ஒரு கதை. மைதானத்துக்கு அடியில் யாரோ ஒரு பொம்மையைப் புதைத்துவிட்டார்கள் என்று இன்னொரு கதை. பொம்மை என்ற பொருளில் "முன்யேகோ" என்று சொன்னால் கார்த்தாகோவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2013இல் ஆடிய இறுதிப் போட்டியில் முதல் ஆட்டத்தை வென்ற பிறகும் எரேடியானோவிடம் பெனால்டியில் தோற்றபோது, அந்தப் பொம்மைக்கு இன்னும் கொஞ்சம் உயிர் வந்திருக்கும். நம் நேரலை அறிஞர் இதையும் "மூடநம்பிக்கை லீக்" என்று தொட்டுவிட்டுப் போனார். தோல்விக்கு ஒரு பொம்மையைக் குறை சொன்ன ஊர், நடுவரையும் விதியையும் குறை சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. பொம்மையைக் குறை சொல்வது எவ்வளவோ மரியாதையான செயல்.

"அலஹுவெலென்சே ரசிகர்களுக்கும் வலி இருக்காதா?" இருக்கும். 2013க்குப் பிறகு 2020 வரை இறுதிக்கு மேல் இறுதியாகத் தோற்று, முப்பதாவது பட்டத்துக்காக ஏழு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அவர்கள். ஏழு ஆண்டுகள். எழுதும்போதே கண் கலங்குகிறது.

"உணர்ச்சிவசப்படுகிறீர்கள், தர்க்கம் பேசுங்கள்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். தர்க்கத்தை மேலே மூன்று பத்திகளில் பேசியாகிவிட்டது. அது முடிந்த பிறகு மிச்சம் இருப்பது உணர்ச்சிதான், அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? 1940ஐப் பார்த்த சிறுவர்களில் எத்தனை பேர் 2022 வரை இருந்திருப்பார்கள்? அப்பா கூட்டிப் போன மைதானத்துக்கு மகனைக் கூட்டிப் போய், அந்த மகன் தன் மகளைக் கூட்டிப் போய், மூன்று தலைமுறையாக ஃபெய்யோ மேசா அரங்கின் பனிமூட்டத்தில் நின்று வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் அவர்கள். பனியூரார் என்ற பொருளில் அவர்களுக்கு "ப்ருமோசோஸ்" என்று பெயரே உண்டு. பயிற்சியாளர் ஹெய்னர் செகுராவின் அணி கோப்பையோடு ஊர் திரும்பிய இரவில் கார்த்தாகோவின் தெருக்களில் நின்றவர்களிடம் போய், "இது செல்லாது, பட்டியலைப் பாருங்கள்" என்று நம் நேரலை அறிஞர் சொல்லிப் பார்க்கட்டும். நான் பயணச்சீட்டு எடுத்துத் தருகிறேன். ஒரு வழிச் சீட்டு.

"இந்த லீக்கை நம் ஊரில் யார் பார்க்கிறார்கள், இதற்கு ஒரு பதிவா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. யாரும் பார்க்காத லீக்கைப் பற்றி அவர் எதற்காக நேரலையில் பேசினார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சிரிப்பு. என் பின்னூட்டத்தை வாசித்துவிட்டு, "இங்கே உட்கார்ந்துகொண்டு இவருக்குக் கோஸ்டாரிக்காவில் என்ன வேலை?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் இங்கே உட்கார்ந்துகொண்டுதான் மாட்ரிட்டுக்காகவும் மான்செஸ்டருக்காகவும் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார் என்பதை நான் அங்கே எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த நேரலையில் இந்தப் பதிவையும் அவர் வாசிப்பார் என்று தெரியும். தாராளமாக வாசிக்கட்டும், சிரிக்கட்டும். அந்த ஊரில் அதைக் கார்தஹினேஸ் என்றுதான் சொல்கிறார்கள். "கார்ட்டேஜ்" அல்ல, "கார்ட்டிலேஜ்" நிச்சயமாக அல்ல. பெயரை மட்டுமாவது சரியாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும்.